கார் கண்ணாடிக்கு நீலத் தண்ணீர், டிரைவருக்குப் பழைய பாட்டில்

கார் கண்ணாடி கழுவும் திரவத்தைப் பற்றி எழுதப் போகிறேன். வேங்கைவயலையும் மலக்குழி மரணங்களையும் எழுதிக்கொண்டிருந்தவன் வைப்பர் தண்ணீருக்கு வந்துவிட்டானே என்று சில தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுதும் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் ஆக்டிங் டிரைவராகவோ வாட்டர் வாஷ் கடையிலோ இருப்பார்.

போன வருடம் மே மாதம் நடந்தது. என் சித்தி மகன் கண்ணகி நகரில் இருக்கிறான். ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறான். காலை ஏழரை மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பது ஆகும். நடுவில் மூன்று நான்கு மணி நேரம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சும்மா காத்திருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் அந்த வீட்டிலிருந்துதான் வரும். எப்படி வரும்? எப்போதோ வாங்கிய மினரல் வாட்டர் பாட்டில் காலியானதும் அதில் தண்ணீர் பிடித்து லிஃப்ட் வாசலில் வைத்துக் கொடுப்பார்கள். பாட்டில் நசுங்கிப்போனால் இன்னொரு பழைய பாட்டில் வரும்.

அன்று காலை வீட்டுக்காரர் கார் கண்ணாடி கழுவும் திரவம் வாங்கி வந்திருக்கிறார். தெரிந்த கடையில் பெரிய டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுத்தது, மேலே கம்பெனி பெயர் கிடையாது. பானட்டைத் திறந்து டேங்கில் ஊற்றியது போக மிச்சம் இருந்ததை ஒரு காலி பாட்டிலில் ஊற்றி, டிரைவர் பக்கக் கதவின் பையில் சொருகிவிட்டார். அதே மினரல் வாட்டர் கம்பெனியின் அதே ஒரு லிட்டர் பாட்டில். திரவம் நீலம்தான், ஆனால் தண்ணீர் கலந்து வெளிறிப்போன நீலம். பேஸ்மென்ட் டியூப்லைட்டில் அது நீலமாகவே தெரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு போன். "அண்ணா, தொண்டை எரியுது. கண்ணாடி கழுவுற தண்ணிய குடிச்சிட்டேன் போல."

நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் அண்ணன் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அது செய்யக் கூடாத காரியம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறேன். டாக்டரின் முதல் கேள்வி: "என்ன குடிச்சார்? பாட்டில் எங்கே?" பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளில் இருந்தது குடிநீர் கம்பெனியின் பெயரும் அதில் என்னென்ன தாது உப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலும்தான். உள்ளே இருப்பது என்ன என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "ஏதோ வாஷர் லிக்விட் சார், லூஸ்ல குடுத்தாங்க. பெரிய கெமிக்கல் எல்லாம் ஒண்ணும் இருக்காது" என்றார். பிறகு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத குரலில், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, ஒன்று சொன்னார்: "அவன் பாத்துக் குடிச்சிருக்கலாமே."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

டாக்டர் எதற்குப் பயந்தார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பயந்தது மெத்தனாலுக்கு. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், சாராய வாடை அடிக்கும். வயிற்றுக்குள் போனதும் ஈரல் அதை உடைத்து முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பை அழிக்கிறது. சிலருக்கு 10 மில்லியே கண்ணைப் பறித்துவிடும். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம். இதில் இன்னொரு சூது, குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான மயக்கம், வயிற்றுவலி, அவ்வளவுதான். 12 மணி நேரம், சில நேரம் ஒரு நாள் முழுக்கப் போன பிறகுதான் கண் மங்கும், மூச்சு வாங்கும். அதற்குள் அமிலம் ஏறியிருக்கும். அதனால்தான் தம்பியை அன்று ராத்திரியும் மறுநாளும் படுக்க வைத்து ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். வந்து போகிற ஒவ்வொரு டாக்டரும் "எத்தனை விரல் தெரியுது?" என்று கேட்டார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறவில்லை. மெத்தனால் இல்லை என்ற முடிவுக்கு வர ஒன்றரை நாள் ஆயிற்று. பாட்டிலில் ஒரு லேபிள் இருந்திருந்தால் ஒரு நிமிடம்.

மெத்தனால் என்ற பெயர் நமக்குப் புதிது இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாராயத்தில் இருந்தது அதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதுதான். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், நம் சனம். அரசு 10 லட்சம் அறிவித்தபோது ஊர் என்ன பேசியது என்பதும் நினைவிருக்கும். "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" வீட்டுக்காரர் சொன்ன "பாத்துக் குடிச்சிருக்கலாமே" என்பதும் அதே பேச்சுதான். குரல் மட்டும் மென்மை.

கார் கண்ணாடித் திரவத்துக்கும் மெத்தனாலுக்கும் என்ன சம்பந்தம்? குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வெறும் தண்ணீர் டேங்கிலேயே உறைந்து குழாய் வெடித்துவிடும். உறையாமல் இருக்க ஏதாவது ஓர் ஆல்கஹால் கலக்க வேண்டும். இருப்பதிலேயே மலிவு மெத்தனால். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் நீலத் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மெத்தனால் இருப்பது சாதாரணம். ஒரு மடக்கு 30 மில்லி என்று வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு 10 மில்லி. கணக்கு நேராகக் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

ஐரோப்பாவிலும் இப்படித்தான் இருந்தது. போலந்திலும் இன்னும் சில நாடுகளிலும் காசில்லாத குடிநோயாளிகள் இந்தத் திரவத்தை மலிவுச் சாராயமாகக் குடித்துச் செத்தார்கள். குழந்தைகளும் தெரியாமல் குடித்தார்கள். போலந்து விவரங்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் விதி போட்டது. 2019 மே மாதத்துக்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்கும் கண்ணாடித் திரவத்தில் மெத்தனால் 0.6 சதவீதத்தை எட்டக் கூடாது. இதைக் கவனியுங்கள், தோழர்களே. அங்கேயும் குடித்தவன் ஏழைதான். அங்கேயும் "பார்த்துக் குடித்திருக்கலாமே" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் சட்டம் குடித்தவனுக்குப் புத்தி சொல்லவில்லை, பாட்டிலுக்குள் இருப்பதை மாற்றியது. இங்கே மெத்தனாலுக்கு உரிமம், பதிவேடு எல்லாம் 1959 விதிகளிலிருந்தே காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தைத் தாண்டித்தான் அது கருணாபுரம் வந்து சேர்ந்தது.

சரி, நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். சென்னையில் எந்த மாதம் தண்ணீர் உறைகிறது? ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். மற்றபடி தமிழ்நாட்டில் உறையாத் திரவத்துக்கு என்ன தேவை? ஒன்றுமே இல்லை. வெளிநாட்டு டப்பா என்று பெருமையாக வாங்குகிறவர்களும், டிரம்மிலிருந்து லூசாகப் பிடித்துக்கொள்கிறவர்களும், நம் வெயிலுக்கு எந்த வேலையும் இல்லாத ஒரு விஷத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வாய்ப்பைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது விளம்பரத்தை இல்லை, பின்பக்கத்தை. என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பாவை வாங்காதீர்கள். மெத்தனால், மெத்தில் ஆல்கஹால், வுட் ஆல்கஹால் மூன்றும் ஒன்றுதான், எந்தப் பெயரில் வந்தாலும் திருப்பி வையுங்கள். எத்திலீன் கிளைகால் என்றிருந்தாலும் வேண்டாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், நாக்குக்கு இனிப்பாகவும் இருந்து தொலைக்கும். நம் வெயிலுக்குத் தேவை அழுக்கையும் டீசல் பிசுக்கையும் கண்ணாடியில் அப்பிய பூச்சியையும் எடுக்கும் மென்மையான சோப்புத் தன்மையுள்ள ஒரு திரவம், அவ்வளவே. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது நுரைக்கும், காய்ந்ததும் கண்ணாடியில் படலம் கட்டும், ராத்திரி எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அந்தப் படலத்தில் சிதறி ரோடே தெரியாது. ஓட்டுகிறவர் யார்? பின்சீட்டில் தூங்குகிறவர் இல்லை.

"அப்படியானால் வெறும் தண்ணீர் போதுமே, விஷமே வேண்டாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. படித்தபோதுதான் அதிலும் ஒரு கதை இருப்பது தெரிந்தது. லீஜியோனெல்லா என்று ஒரு பாக்டீரியா. நுரையீரலில் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் சுகமாக வளரும். தண்ணீர் நுண்துளியாகத் தெறிக்கும்போது மூச்சில் ஏறும். இங்கிலாந்தில் அதிகமாக வண்டி ஓட்டுகிற தொழிலாளர்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து 2010-ல் முடிவு வெளியிட்டார்கள். கண்ணாடி டேங்கில் திரவம் எதுவும் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. குளிர் நாட்டிலேயே இப்படி. நம் ஊரில் பானட்டுக்கு அடியில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், வாரக்கணக்கில் நிற்கும் போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஸ்ப்ரே அடிக்கும்போது அதன் துளி கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுவழியாக உள்ளே வரும். முதலில் இழுப்பது டிரைவரின் மூக்கு. அதனால் திரவம் கலக்கத்தான் வேண்டும், நல்ல திரவமாக. போர் தண்ணீரில் உப்பு அதிகம், நாசில் அடைத்துக்கொள்ளும், ஆர்.ஓ. தண்ணீரில் கலப்பது நல்லது. ஸ்ப்ரே அடிக்கும்போது ஏ.சி.யை உள்காற்று சுழலும்படி வைத்துவிட்டால் வாடை உள்ளே வராது.

பொருள் பற்றிப் பேசியாயிற்று. இனி பாட்டிலுக்கு வருவோம்.

எந்த நாட்டுக் கம்பெனியின் டப்பாவை எடுத்தாலும் பின்னால் ஓர் எச்சரிக்கை இருக்கும்: வேறு பாத்திரத்துக்கு மாற்றாதே. குடிநீர் பாட்டிலில் ஊற்றாதே. இதைப் படிக்காதவர்களா நம் வீட்டுக்காரர்கள்? இன்ஜினியர், ஆடிட்டர், வெளிநாடு போய் வந்தவர். அவர்கள் வீட்டுச் சமையலறையில், அவர்கள் பிள்ளை குடிக்கும் பாட்டிலில் அந்த நீலத்தை ஊற்றி வைப்பார்களா? கனவிலும் மாட்டார்கள். காலி மினரல் வாட்டர் பாட்டிலில் ஏன் ஊற்றினார்கள் என்றால், அவர்கள் கண்ணில் அது குடிக்கிற பாட்டில் இல்லை. அது குப்பை. குப்பையில் எதையும் ஊற்றலாம். அதே குப்பையில்தான் ஒரு மனிதனுக்குக் குடிக்கத் தண்ணீரும் வருகிறது என்பது அந்தக் கையைத் தடுக்கவில்லை.

நம் தாத்தாக்களுக்கு டீக்கடையில் கொட்டாங்கச்சி. அப்பாக்களுக்குத் தனிக் குவளை, குடித்துவிட்டுத் தானே கழுவி ஆணியில் மாட்ட வேண்டும். 1955-லேயே சட்டம் வந்தும் இரட்டைக் குவளை போகவில்லை. பிறகு பேப்பர் கப் வந்தது. நம்மில் பலர் சந்தோஷப்பட்டோம், எல்லோருக்கும் ஒரே கப் என்று. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. தூக்கி எறியும் கப் வந்தால் குவளையைத் தொடும் பிரச்சனையை யாரும் தீர்க்க வேண்டியதில்லை, தூக்கி எறிந்துவிட்டால் போதும். அடுக்குமாடியில் அதன் அடுத்த பிறவிதான் இந்தப் பெட் பாட்டில். வீட்டு எவர்சில்வர் டம்ளர் கீழே இறங்காது. வீட்டு பாட்டில் கீழே இறங்காது. இறங்குவது, திரும்ப மேலே ஏற வேண்டாத ஒன்று.

"நாங்கள் டிரைவரின் சாதியைக் கேட்டதே இல்லை" என்பார்கள். கேட்க மாட்டீர்கள். வீடு எங்கே என்று மட்டும் கேட்பீர்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பதில் வந்தால் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை. கூவக் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் எங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோய்க் கொட்டியதே அரசாங்கம்தானே. முகவரியே சாதிச் சான்றிதழ்.

வீட்டுக்காரரை நான் கொடியவர் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் அனுப்பினார், மறுக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நம்மவர் வாயில் உண்ணத் தகாததைத் திணிப்பதைக் குற்றமென்று முதல் வரியிலேயே சொல்கிறது. இங்கே யாரும் திணிக்கவில்லை. வழக்கு இல்லை, எனக்குத் தெரியும். திணிக்காமலேயே வாய்வரை வந்து சேரும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அதற்கு எந்தப் பிரிவு?

வாட்டர் வாஷ் கடைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பையன்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். அங்கே வருவது கலந்த திரவம் இல்லை, கெட்டித் திரவம். ஒரு மூடிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேனில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பையன்கள் கண் அளவில் ஊற்றி வெறுங்கையால் கலக்குவார்கள். ஒருவனுடைய விரல் இடுக்குகள் கோடைக்காலத்து வயல் மாதிரி வெடித்திருக்கின்றன. கையுறை கேட்டாயா என்றேன். "கேட்டா சிரிப்பாங்க அண்ணா" என்றான். போபாலுக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். தான் தொடும் ரசாயனம் என்ன, அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதைத் தொழிலாளியின் உரிமையாக்கினார்கள். எத்தனை உயிர் கொடுத்து வாங்கிய உரிமை! ஆனால் மூன்று பையன்களை வைத்து நடக்கும் வாட்டர் வாஷ் கடை தொழிற்சாலை இல்லை. அடுக்குமாடியின் பேஸ்மென்ட் தொழிற்சாலை இல்லை. அந்த உரிமை கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது, நம்மைப் போலவே.

ஆகவே, கார் வைத்திருப்பவர்களே, இது வேண்டுகோள் இல்லை. திரவத்தை வந்த டப்பாவிலேயே வையுங்கள், அதன் லேபிளோடு. டேங்க் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து லிட்டர்தான் பிடிக்கும், அளவு பார்த்துக் கலந்தால் மிச்சமே வராது. மிச்சம் வந்தால் அதே டப்பாவுக்குத் திரும்பப் போகட்டும். காருக்குள் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் இருக்கும் சூட்டில் ஆல்கஹால் கலந்த எதுவும் ஆவியாகும், தீப்பிடிக்கவும் கூடும். மெத்தனால் பகலில் எரிந்தால் அதன் சுவாலைகூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கலக்குகிற வேலையை டிரைவரிடம் கொடுத்தால் கையுறையும் புனலும் சேர்த்துக் கொடுங்கள். டிரைவருக்கு உங்கள் வீட்டில் குடிக்கிற பாத்திரத்தில் தண்ணீர் கொடுங்கள். கடைசியில் சொன்னது ரசாயனப் பாதுகாப்பு விதி. சமூக சேவை என்று நினைத்து யாரும் என்னிடம் நன்றி எதிர்பார்க்க வேண்டாம்.

டிரைவர் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கிற படம் போட்ட மூடிதான் வாஷர் டேங்க். கூலன்ட் டேங்கையோ பிரேக் ஆயில் டப்பாவையோ தவறித் திறந்து ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். திட்டு விழும் என்று மறைத்தால் பிரேக் போகும். இரண்டு கம்பெனித் திரவத்தை ஒன்றாகக் கலக்காதீர்கள், சில நேரம் கெட்டியாகி நாசிலை அடைத்துவிடும். டேங்கிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, டீசலுக்குச் செய்கிற மாதிரி. இதற்கு ஒருபோதும் செய்யாதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். சட்டையில் கொட்டினால் கழற்றுங்கள், மெத்தனால் தோல் வழியாகவும் இறங்கும்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். திரும்பி வரும்போது நுரையும் ரசாயனமும் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் கெடும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் கூட்டிப் போங்கள், மெத்தனால் முதலில் நல்லாத்தான் வைத்திருக்கும். மெத்தனாலுக்குச் சாராயமே மருந்து என்று கேள்விப்பட்டு பிராந்தி வாங்கி ஊற்றும் வைத்தியமும் வேண்டாம். எத்தனால் கொடுத்து அந்த விஷத்தைத் தடுப்பது உண்மைதான், அதை டாக்டர் ரத்தம் பார்த்து அளந்து கொடுப்பார். ஃபோமெபிசோல் என்று தனி மருந்தும் இருக்கிறது, டயாலிசிஸும் இருக்கிறது. எல்லாமே நேரத்தோடு போனவருக்குத்தான்.

இன்னொன்று. சாராய வாடை வந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் உங்களைக் குடிகாரன் என்றுதான் பார்ப்பார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவுக்கு வந்துவிடுவது அவர்களுக்குச் சுலபம். கூட வருகிறவர் சத்தமாக, முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "கார் கண்ணாடி கழுவும் திரவம் குடித்துவிட்டார், மெத்தனால் இருக்கலாம்." அன்று ராத்திரி நான் இதை நான்கு பேரிடம் நான்கு முறை சொன்னேன். நர்ஸ் ஒருவர் அப்போதும் "டெய்லி சாப்பிடுவாரா?" என்றுதான் கேட்டார். என் தம்பி பீர்கூடத் தொடாதவன்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். அதே வீட்டுக்குத்தான் போகிறான். வேறு வேலை கிடைக்கவில்லை, சம்பளம் 18,000, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். பாரிமுனையில் ஒரு சிவப்பு நிற ஸ்டீல் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், வீட்டிலிருந்தே தண்ணீர் பிடித்துப் போகிறான். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டம்மா கேட்டாராம்: "எதுக்குப்பா சுமந்துக்கிட்டு வர்ற? நாங்கதான் தண்ணி தர்றோமே."